மேல ஏறுறது சரி, கீழ என்ன எறக்குறோம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "மலை, காடு, கேம்பிங் பத்தி கேளுங்க"ன்னு ஒரு மூலைல சின்னதா போட்டதுக்கு பெரம்பூர்ல இருந்து மீஞ்சூர் வரைக்கும் கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. "எந்த ஸ்பாட்டு செம்மையா இருக்கும்"னு கேட்டவங்க மன்னிச்சுக்கோங்க, அதைச் சொல்ல ஆயிரம் ரீல்ஸ் இருக்கு. போன எடத்துல எப்படி நடந்துக்கிறதுன்னு கேட்டவங்களுக்கு மட்டும் இந்த வாரம் பதில்.

ண்ணா, நாங்க எட்டு பேரு பைக்ல நாகலாபுரம் சைடு போறோம், நைட்டு அங்கயே டென்ட் போட்டு, கேம்ப் ஃபயர் போட்டு, சிக்கன் சுட்டு சாப்டுனு காலைல வர்றதா பிளானு. நெருப்ப அணைச்சுட்டுத்தான் வருவோம், அப்பால இன்னா பிரச்சன? – வியாசர்பாடி வாசகர்

தம்பி, நெருப்புக்கு முன்னாடி ஒரு விஷயம். அந்த மலை ஆந்திரா வனத்துறை கைல இருக்கு, உள்ள ராத்திரி தங்கணும்னா அவங்க பர்மிஷன் வேணும். நம்ம பக்கமும் அதே கதைதான், காப்புக்காட்டுக்குள்ள கேக்காம நுழைஞ்சாலே கேஸு. "போன தடவ யாரும் ஒண்ணும் கேக்கல"ங்கிறது பர்மிஷன்ல சேராது. கேட்டுப் பாரு, குடுக்கலன்னா காட்டுக்கு வெளிய காசு கட்டித் தங்குற எடமா பாத்துக்க.

இப்ப நெருப்பு. எல்லாரும் அணைச்சுட்டேன்னுதான் சொல்றாங்க, எரியவிட்டுட்டு வந்தேன்னு எவனும் சொல்றதில்ல. ஆனா நிறைய பேரு பண்றது என்னன்னா, காலால ரெண்டு தள்ளு மண்ணத் தள்ளி மூடிட்டு ஒரு செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்புறது. மண்ணப் போட்டு மூடினா கங்கு சாவாது, உள்ளயே கனிஞ்சுக்கினு கெடக்கும், கீழ காஞ்ச வேரு சருகு இருந்துச்சுன்னா அது வழியாவே நகந்து போயி, நீ வீட்டுக்கு வந்து குளிச்சு தூங்குன அப்புறம் காத்து அடிக்கிறப்ப வேற எடத்துல எந்திரிக்கும். ஒழுங்கா அணைக்கணும்னா கட்டை பூரா சாம்பலாகுற வரைக்கும் எரியவிட்டு, தண்ணி ஊத்தி, குச்சியால கிளறி, திரும்ப தண்ணி ஊத்தி, புறங்கைய மொதல்ல கிட்ட வெச்சுப் பாத்துட்டு அப்புறம் சாம்பலத் தொட்டா சூடே தெரியக் கூடாது. லேசா வெதுவெதுன்னு இருந்தாலும் அணையலன்னுதான் அர்த்தம். குடிக்கிற தண்ணியவே "நீ தூக்கு நீ தூக்கு"ன்னு சண்ட போடுற கும்பல், அணைக்கிறதுக்குன்னு தனியா கேன் தூக்கினு போகுமா, நீயே சொல்லு.

2018 மார்ச் 11 தேனி மாவட்டம் குரங்கணிய மறந்துட முடியாது. சென்னைல இருந்து ஒரு குரூப்பு, ஈரோடு திருப்பூர் பக்கத்துல இருந்து இன்னொரு குரூப்பு, காட்டுத்தீல மாட்டி இருபது பேருக்கு மேல போய்ச் சேந்தாங்க. காஞ்ச புல்லு இருக்கிற சரிவுல தீ மேல்பக்கமாத்தான் வேகமா ஏறும், அனலு மேல போயி மேல இருக்கிற புல்ல முன்கூட்டியே காயவெச்சிடும், மனுசன் ஏறி ஓடுற வேகம் அதுக்குப் பத்தாது. அந்த வருஷமே மலையேத்தத்துக்குன்னு தமிழ்நாட்டுல தனி விதி வந்துச்சு. இப்பல்லாம் பிப்ரவரி பாதில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் தீ சீசன்னு வனத்துறை ட்ரெக்கிங் பாதைங்கள மூடிடுறாங்க. அந்த நேரத்துல "நான் வேற வழி காட்டுறேன் வா மச்சி"ன்னு எவனாச்சும் கூப்ட்டா போகாத.

சிக்கன வீட்லயே வறுத்து டப்பால கட்டினு போ. வெளிச்சத்துக்கு நெத்தில மாட்டுற டார்ச்சு, குளிருக்கு ஸ்வெட்டரு. நெருப்பு இல்லன்னா என்ன ஜாலின்னு கேப்ப, வெளிச்சத்த எல்லாம் அணைச்சுட்டு ஒரு கால் மணி நேரம் மேல பாத்துக்கினு படு, வியாசர்பாடில இல்லாத அளவுக்கு நட்சத்திரம் இருக்கும்.

அண்ணா, பிளாஸ்டிக் போடக் கூடாதுன்னு தெரியும். ஆனா ஆரஞ்சுத் தோலு, வாழப்பழத் தோலு, மிச்ச சோறு இதெல்லாம் மக்கிடும்தானே, காட்டுக்கு உரம்தானே? – கொடுங்கையூர் வாசகி

கொடுங்கையூர்ல இருந்துக்கினு இதக் கேக்குறீங்களேமா! "மக்கிடும்"னு சொல்லித்தான் பாதி சிட்டியோட குப்பைய நம்ம வாசல்ல கொட்டினு இருக்காங்க. எங்கயோ உக்காந்து துன்னவன் குப்பைய எவன் வாசல்லயோ போடுறது எப்படி இருக்கும்னு, அந்த நாத்தமும் பொகையும் என்னன்னு, குப்பைய எரிக்கிற உலை வேணாம்னு தெருவுல நின்னு போராடுன உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. மலைல நாம அந்த எவனோ. அங்க இருக்கிற ஊர்க்காரங்களுக்கும் மிருகத்துக்கும் குப்பை கொட்ட வர்ற வண்டியே நாமதான்.

சரி, தோலு விஷயம். ஆரஞ்சுத் தோலு சீக்கிரம் மக்காது, வெயில் காலத்துல பாறை மேல போட்டா காஞ்சு தோலாவே மாசக்கணக்குல கெடக்கும். அத விட பெரிய தொல்லை அதத் தேடி வர்றதுங்க. உப்பும் மசாலாவும் போட்ட சோறு, கோழி எலும்பு வாசம் புடிச்சு கொரங்கு, பன்னி, சில எடத்துல கரடி வரும், ரெண்டு வாட்டி கெடச்சா மூணாவது வாட்டி ஆளப் பாத்தாலே பையப் புடுங்கும், அப்புறம் "தொல்லை பண்ற மிருகம்"னு அதத்தான் புடிச்சுக்கினு போவாங்க. சோறு ஒட்டின கவரையும் சேத்துதான் முழுங்கும். 2025 மே மாசம் கோவை மருதமலை அடிவாரத்துல செத்துப் போச்சே ஒரு பொம்பளை யானை, வயித்துல குட்டியோட, அதோட வயித்துக்குள்ள பிளாஸ்டிக் இருந்துச்சு.

பேப்பர் கப்பு பேப்பர்தானேன்னு அடுத்து கேப்பீங்க. உள்பக்கம் நகத்தால சொரண்டிப் பாருங்க, மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தோலு உரியும். 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல தடை பண்ணுன லிஸ்ட்டுல அந்தக் கப்பு, தெர்மாகோல் தட்டு, தண்ணி பாக்கெட்டு எல்லாமே இருக்கு, கடைல கெடைக்குதுங்கிறது வேற கத.

நான் சொல்ற வழி ரொம்ப சிம்பிளு. பிஸ்கட்டு, மிச்சரு, கடலமிட்டாய் எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடி வீட்லயே பிரிச்சு டப்பால போட்டுருங்க, மேல போறப்பவே பாதி கவரு கொறஞ்சிரும். ஒரு காலி அரிசி சாக்க மடிச்சு வெச்சுக்குங்க, வரிசைல கடைசியா வர்ற ஆளு கைல அந்த சாக்கு, முன்னாடி போறவன் கீழ போட்ட சாக்லேட் பேப்பரு மூலைல இருந்து, முன்னாடி எவனோ போட்டுட்டுப் போன ஹான்ஸ் பாக்கெட்டு வரைக்கும் அதுல வரட்டும். முக்கியமா, அந்த சாக்க அடிவாரத்து டீக்கட பின்னாடி வெச்சுட்டு ஓடி வந்துடாதீங்க. அந்த ஊருக்கு லாரி எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுமா? வீடு வரைக்கும் எடுத்துக்கினு வந்து பிரிச்சுப் போடுங்க.

கேக்கக் கூச்சமா இருக்கு, ஆனா யாரும் சொல்ல மாட்றாங்க. காட்டுல பாத்ரூம் வந்தா என்ன பண்றது? பீரியட்ஸ் டைம்ல ட்ரெக்கிங் போகலாமா? – தண்டையார்பேட்டை வாசகி

கூச்சப்படாதீங்க, இது வந்ததுல உருப்படியான கேள்வி. அமெரிக்கால 1994ல ஆரம்பிச்ச 'லீவ் நோ ட்ரேஸ்'ன்னு ஒரு அமைப்பு, தடம் விடாம போயிட்டு வர்றதுக்கு ஏழு விதி வெச்சிருக்காங்க, உலகம் பூரா ட்ரெக்கிங் போறவங்க அத ஃபாலோ பண்றாங்க. அதுல இதுக்குன்னே அளவு சொல்லியிருக்கு. ஓடை, பாதை, டென்ட் எல்லாத்துல இருந்தும் 200 அடி தள்ளிப் போகணும், பெரியவங்க நடைல ஒரு எழுபது தப்படி. அங்க ஆறு இஞ்சுல இருந்து எட்டு இஞ்சு ஆழத்துக்கு குழி. ரொம்ப ஆழமா தோண்டக் கூடாது, மக்க வெக்கிற நுண்ணுயிரிங்க மேல் மண்ணுலதான் அதிகமா இருக்கும். ஹார்டுவேர் கடைல கெடைக்கிற சின்ன கொத்தனார் கரண்டி போதும், கரண்டியோட தகடு நீளம் எவ்ளோன்னு வீட்லயே ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டா அங்க போயி அளவு யோசிக்க வேணாம். நமக்கு தண்ணி இல்லாம ஆகாதுல்ல, அதுக்கு தனி பாட்டில்ல மொண்டுக்கினு போயி குழிக்கு மேலயே கழுவிக்குங்க, ஓடைல எறங்கி உக்காராதீங்க. அப்புறம் எடுத்த மண்ண அப்படியே தள்ளி மூடி மேல சருகு. டிஷ்யூ, வெட் வைப்ஸ் குழில போடாதீங்க, வைப்ஸ்ல பாதி பிளாஸ்டிக்தான்.

பீரியட்ஸ்ல தாராளமா போகலாம், உங்க உடம்பு ஒத்துக்கிச்சுன்னா சரி. பேட புதைக்கக் கூடாது, வாசத்துக்கு மிருகம் தோண்டி எடுத்துரும். எரிக்கவும் கூடாது, பாதி எரிஞ்சு உருகி நிக்கும். பேப்பர்ல சுத்தி, ஜிப் கவர்ல போட்டு, உள்ள ரெண்டு ஸ்பூன் காஞ்ச டீத்தூளு போட்டீங்கன்னா வாட தெரியாது, அத ஒரு கருப்பு கவர்ல போட்டு பைல தனி அறைல வெச்சுக்கினு வீட்டுக்கு வந்துருங்க. பேடுக்கு பதிலா மென்ஸ்ட்ருவல் கப் யூஸ் பண்றவங்க குழிலயே ஊத்தி மூடிரலாம். குரூப்ல பொண்ணுங்க இருந்தா லீடருங்க இத கிளம்புறதுக்கு முன்னாடியே வாய விட்டு சொல்லணும், இல்லன்னா தண்ணியே குடிக்காம நடந்து மயங்கி விழுறது அவங்கதான்.

ஓடைல குளிக்கிறப்ப சோப்பு போட்டா தப்பா? ஓடுற தண்ணிதான, அடிச்சுக்கினு பூடும். – திருவொற்றியூர் வாசகர்

அடிச்சுக்கினு எங்க போகும் சார்? நாகலாபுரம் பக்கத்து ஓடைங்க பலதும் ஆரணி ஆத்துல சேருது, ஆரணி ஆறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியா பழவேற்காட்டுக்குப் போகுது. ஆடி மாசம் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலை கட்டப் போறோமே, அதே ஆறு. இந்தாண்ட கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரில நிக்குது, அங்கருந்து கால்வாய்ல புழல் ஏரிக்கு, புழல்ல இருந்து நம்ம கொழாய்க்கு. பூண்டிக்கு மேல போட்ட ஷாம்பு பாக்கெட்டு சுத்தி வந்து நம்ம குடத்துலதான் விழுது. கவர்ல "இயற்கையானது, மக்கக்கூடியது"ன்னு போட்டிருந்தாலும் தண்ணில கலக்கக் கூடாது, அது மண்ணுல மக்குறதுக்குத்தான், தண்ணில மீன் குஞ்சுக்கும் தவளைக்கும் சோப்பு சோப்புதான். வெறும் தண்ணில முங்கி எந்திரிங்க, ஒரு நாள் சோப்பு இல்லன்னா ஒண்ணும் ஆவாது. பாத்திரம் கழுவணும்னா தண்ணிய மொண்டு அதே 200 அடி தள்ளி.

கானா இல்லாம எப்டி ண்ணா மலை ஏறுறது? ஸ்பீக்கரு எடுத்துனு போலாமா? – ராயபுரம் வாசகர்

கானா ராயபுரத்துல, கல்யாணத்துல, காசிமேட்டுல. காட்டுல வேணாம். யானையோ கரடியோ பக்கத்துல வந்தா மொதல்ல காதுதான் சொல்லும், அத நீயே அடைச்சுக்கினு போறியே.

என் பையன கூட்டிக்கினு குடியம் குகைக்குப் போனோம். வழில அழகா கூரா இருந்த கல்லு நாலஞ்சு பொறுக்கிட்டு வந்துட்டான், ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு. யாரோ தப்புன்னு சொன்னாங்க. கல்லுதானே சார்? – பெரம்பூர் வாசகர்

சார், அந்தப் பக்கத்துல "கல்லுதானே"ன்னு சொல்ல முடியாது. 1863 மே மாசம் பல்லாவரத்துல ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கிற ஜியாலஜிஸ்ட் ஒரு கல்லக் குனிஞ்சு எடுத்தாரு, அது பழைய கற்கால மனுசன் செஞ்ச கருவின்னு அவரு கண்டுபுடிச்சதுலதான் இந்தியால அந்த ஆராய்ச்சியே ஆரம்பிச்சுது. அதே வருஷம் அவரும் வில்லியம் கிங்ங்கிறவரும் கொசஸ்தலை ஆத்தோரம் அத்திரம்பாக்கத்தப் பாத்தாங்க. அங்க பிற்பாடு தோண்டி ஆராய்ச்சி பண்ணுனதுல கைக்கோடாரிங்களோட வயசு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011ல வந்துச்சு, அதுக்கப்புறம் வந்த இன்னொரு டைப்பு கருவிங்க 3,85,000 வருஷத்துக்கு முன்னாடியே அங்க தொடங்கியிருச்சுன்னு 2018ல வந்துச்சு. குடியமும் அதே சுத்துவட்டாரம்தான். நம்ம எண்ணூர்ல கடல்ல கலக்குற ஆறு, அதோட மேல்கரைல இவ்ளோ விஷயம் கெடக்குது, நம்ம ஊரு புள்ளைங்களுக்கு அது சரியா போய்ச் சேரல, அது எனக்கு ஒரு வயித்தெரிச்சல்.

பையன் எடுத்தது வெறும் கூழாங்கல்லாவும் இருக்கலாம், கருவியாவும் இருக்கலாம். ஒரு பக்கமோ ரெண்டு பக்கமுமோ செதில் செதிலா ஒடஞ்சு, ஓரம் கத்தி கணக்கா ஓடுச்சுன்னா சந்தேகப்படணும். விஷயம் என்னன்னா அந்தக் கல்லோட மதிப்பு கல்லுல இல்ல, அது கெடந்த எடத்துல இருக்கு. எந்த மண்ணுல, எது பக்கத்துல, எவ்ளோ கீழ கெடந்துச்சுங்கிறத வெச்சுத்தான் வயசு சொல்றாங்க. பாக்கெட்டுல போட்ட அடுத்த நிமிஷம் அது ஷோகேஸ் பொம்மைதான். ஒரு ஆளுக்கு ஒரு கல்லுன்னு லீவு நாள்ல வர்ற கூட்டம் பூரா எடுத்தா யோசிச்சுப் பாருங்க. பையனத் திட்டாதீங்க, அவன் கண்ணுல பட்டுச்சேன்னு சந்தோஷப்படுங்க. பூண்டில கற்காலக் கருவிங்க மியூசியம் இருக்கு, அங்க கொண்டு போயி எங்க எடுத்தீங்கன்னு சொல்லிக் குடுத்துருங்க, அப்படியே அவனுக்கு கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிறதையும் காட்டுங்க, ப்ராஜெக்ட்டுக்கு ஃபோட்டோ போதும். அப்புறம் குகைல பேரு, ஹார்ட்டு, ஃபோன் நம்பரு எழுதுறவங்க... ஊர்க்காரங்க அம்மன் வெச்சு கும்பிடுற எடம் அது, செருப்ப வெளிய விடுற அதே மரியாதையோட கைய பாக்கெட்டுல வெச்சுக்குங்க.

பீர் பாட்டில கண்ணாடிதானே, மண்ணுல இருந்து வந்தது மண்ணுக்கே போவுதுன்னு ஃபிரெண்டு சொல்றான். – மூலக்கடை வாசகர்

உங்க ஃபிரெண்ட செருப்பில்லாம அந்த வழில திரும்ப வரச் சொல்லுங்க. காட்டுல ஒடைச்ச பாட்டில் யானை கால்ல ஏறி சீழ் புடிச்சு சாவுதுன்னு கோர்ட்டு வரைக்கும் போயித்தான், 2022ல நீலகிரில பாட்டிலுக்கு பத்து ரூபா கூட வாங்கி, காலி பாட்டில திருப்பிக் குடுத்தா காசக் குடுக்குற திட்டம் வந்துச்சு. சரக்கே வேணாம்னு சொல்லுவேன், பாறை ஓரமும் கொளத்து ஆழமும் தெரியாம போறது அதனாலதான்.

காடு பொதுச்சொத்துதானே, எதுக்கு காசு கட்டி, கைடு வெச்சு போணும்? – புளியந்தோப்பு வாசகர்

நியாயமான கோவம்தான், கம்மி காசுல போற பசங்களுக்கு அந்தக் கட்டணம் கொஞ்சம் ஜாஸ்தின்னு எனக்கும் படுது, காலேஜ் பசங்களுக்குக் கொறைக்கலாம். ஆனா காசு எங்க போவுதுன்னும் பாக்கணும். 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதை தொறந்தாங்க, ஆன்லைன்ல புக் பண்ணலாம், நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல அந்தக் குடியமும் ஒண்ணு. கைடா வர்றவங்க அந்தந்த காட்டோரத்து ஊர்க்காரங்க, பழங்குடி மக்கள். எந்த புதர்ல கரடி படுத்திருக்கும், எந்த ஓடை மழை பேஞ்சா ஒரு மணி நேரத்துல பொங்கும்னு கூகுள் மேப்புக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும். காடு இருந்தாத்தான் அவங்களுக்கு சம்பளம்னு ஆனா காட்ட அவங்கள விட நல்லா பாத்துக்கிறது யாரு? ஒண்ணு மட்டும், கைட "டேய் வாடா"ன்னு கூப்பிட்டு பைய அவரு தலைல கட்டாதீங்க.

பழவேற்காட்டுல ஃபிளமிங்கோ எல்லாம் சும்மாவே நிக்குது, பறக்குற மாதிரி வீடியோ கெடைக்க என்ன பண்ணலாம்? ட்ரோன் விடலாமா? – மீஞ்சூர் வாசகர்

சும்மா நிக்கலைங்க, துன்னுதுங்க! தலைய கவுத்து சேத்துத் தண்ணிய அலகால சலிச்சுக்கினு நிக்கிறதுதான் அதுங்களுக்கு டூட்டி. அதுங்க எந்திரிக்கணும்னா தண்ணி மேல ஓடி, ரெக்கைய அடிச்சு, ரொம்ப சக்தி செலவு பண்ணணும், ஒரு குரூப்பு கைதட்டி பறக்கவிட்டு, அது அந்தாண்ட போயி உக்காந்தா இன்னொரு படகு வந்து கெளப்பி விட்டா அது எப்ப சாப்பிடும்? படகுக்காரர்கிட்ட "கிட்ட போங்கண்ணே"ன்னு நூறு ரூபா கூட நீட்டாதீங்க, அவரு நடுவுல மாட்டிக்குவாரு. வலை விரிச்ச எடத்து மேலயும் படக விடச் சொல்லாதீங்க. தானா காலைலயோ சாயந்திரமோ எடம் மாறுறப்ப பறக்கும், அதுவரைக்கும் தள்ளி உக்காந்து லென்ஸ ஜூம் பண்ணுங்க. ட்ரோன் பத்திக் கேட்டீங்க, பக்கத்துலயே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம் இருக்கு, நீங்க ட்ரோன ஏத்துனா ஃபிளமிங்கோ வர்றதுக்கு முன்னாடி போலீஸ் வந்துரும்.

கடக்கரைல டென்ட் போடுற ஆளுங்களுக்கும் சேத்து ஒரு வார்த்த. ஜனவரில இருந்து மார்ச்சு வரைக்கும் பங்குனி ஆமை முட்ட போட நம்ம கரைக்கு ஏறி வரும், ஒரு ஒன்றரை மாசம் கழிச்சு குஞ்சு வெளிய வரும், கடல் பக்கத்து வெளிச்சத்தப் பாத்துத்தான் தண்ணிக்கு வழி கண்டுபுடிக்கும். நீங்க வெள்ள லைட்ட எரியவிட்டா அது ரோட்டுப் பக்கம் நடக்கும். ஆமையப் பாத்தா டார்ச்ச அணைச்சுட்டு, பின்னாடி தள்ளி நில்லுங்க, ஃபிளாஷ் அடிக்காதீங்க.

என்ன ஷூ வாங்கலாம் சார்? பட்ஜெட் கம்மி. – கொருக்குப்பேட்டை வாசகர்

அடிப்பாகம் பட்டன் பட்டனா, அழுத்தமா இருக்கிற எந்த ஷூவா இருந்தாலும் சரி, பிராண்டப் பாக்காதீங்க, ஈரமானா கவலப்படாத ஷூவா பாருங்க. ஏன்னா ஷூ அழுக்காவுமேன்னு சேறு இருக்கிற எடத்துல ஆளாளுக்கு ஓரமா சுத்திப் போவாங்க, அப்புறம் அந்த ஓரமும் செடி செத்து சேறாயி, ஒத்தையடிப் பாதை லாரி போற அளவுக்கு அகலமாயிரும். நடுவுலயே மிதிச்சுப் போங்க, வரிசையா. போறதுக்கு முன்னாடி பழைய டூத் பிரஷ்ஷால சோலு இடுக்க நல்லா தேச்சுருங்க, நம்ம ரயில்வே லைன் ஓரத்துல மொளைக்கிற பார்த்தீனியம் வெத அங்க ஒட்டிக்கினு மலை ஏறிடும். புதுசு வாங்கி நேரா மலைக்குப் போட்டுக்கினு போகாதீங்க, ஒரு வாரம் மார்க்கெட்டுக்கும் மாடிப்படிக்கும் போட்டு நடங்க, கொப்புளம் வந்துச்சுன்னா கடைக்காரன் மாத்திக் குடுப்பானான்னு பில்ல பத்திரமா வெச்சுக்குங்க.